பாதையில்லா மலைக்கு ஒரு பென்சில் கோடு

அலாஸ்காவின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது ப்ரூக்ஸ் மலைத்தொடர். அதன் நடுவில் இருக்கும் 'கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்' தேசியப் பூங்கா 1980-ல் அமைக்கப்பட்டது. ஒட்டியுள்ள காப்புப் பகுதியையும் சேர்த்தால் சுமார் 34,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அத்தனை பரப்பில் சாலை என்று ஒன்று கிடையாது. யாராவது வெட்டிச் சீர்செய்து வைத்த ஒற்றையடிப் பாதைகூடக் கிடையாது. அங்கே கோடையில் பத்து நாள் நடக்க நினைப்பவர்கள் பனிக்காலத்திலேயே வரைபடத்தை மேசையில் விரித்து, பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறார்கள். அந்தக் கோட்டை ஒரு கைவினையாகப் பார்த்து ரசிக்கலாமா? ரசிக்கலாம் என்பது என் கட்சி. இன்னொன்றும் சொல்வேன்: எந்தச் சிகரத்தைத் தொடுகிறது, எத்தனை கணவாய் தாண்டுகிறது என்பதை வைத்து அந்தக் கோட்டை எடை போடக் கூடாது. பக்கத்தில் எவ்வளவு இடம் விட்டு இழுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் இதில் வாசிப்பு எவ்வளவு கடினம் என்று பார்ப்போம். அமெரிக்க நிலவியல் ஆய்வகம் அலாஸ்காவுக்கென்று வெளியிட்ட வரைபடத் தாள்களின் அளவு ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். மலைப்பகுதித் தாள்கள் பலவற்றில் சமவுயரக் கோடுகளுக்கு இடையே 100 அடி. அதாவது, 90 அடிச் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளலாம். இந்தத் தாள்களில் பெரும்பாலானவை 1950-களில் எடுத்த வான்படங்களை வைத்து வரையப்பட்டவை. அதற்குப் பிறகு ஆறுகள் எத்தனையோ முறை படுகை மாறிவிட்டன, காந்த ஊசியின் விலகலும் அச்சிட்ட எண்ணோடு இப்போது ஒத்துப்போகாது. இதெல்லாம் சிறு தொல்லைகள். பெரிய சிக்கல், காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை வரைபடம் சொல்லவே சொல்லாது. சமவுயரக் கோடுகள் தள்ளித் தள்ளி நிற்கும் அகன்ற பள்ளத்தாக்கு, மேசையில் இருப்பவருக்கு ராஜபாட்டையாகத் தெரியும். அங்கேதான் டஸ்ஸக் வளர்கிறது. பருத்திப்புல் வருடக்கணக்கில் தன் மேலேயே முளைத்து முளைத்து, குடம் கவிழ்த்தாற்போல் எழும்பிய முண்டுகள் அவை. மேலே கால் வைத்தால் ஆடிச் சாயும். நடுவே கால் வைத்தால் தண்ணீர். மைல் கணக்கில் இப்படியே. சரிவு கூடிய மேட்டுக்கோ, தண்ணீர் வடிந்த வறண்ட முகட்டுக்கோ போனால் தரை கெட்டிப்படும், காற்று கொசுவையும் விரட்டும். ஆக, தாளில் சுலபமாகத் தெரிவது தரையில் வதை. தாளில் கடுமையாகத் தெரிவது பல நேரம் நல்ல நடை. இந்தத் தலைகீழ்க் கணக்கு பிடிபட்டவர் இழுக்கும் கோடு, அடிவாரத்தைக் கூசி விலகி, பாதி மலை ஏறி, முகட்டோரமாக வளைந்து போகும். தெரியாதவர் கண்ணுக்கு அது சுற்றுவழி.

பூங்காக் காவலர்களே எச்சரிக்கிறார்கள்: அலாஸ்காவில் பழகிய நடையர்கள்கூட ஒரு நாளைக்கு ஆறு மைலை, அதாவது சுமார் 10 கிலோமீட்டரை, நல்ல நடை என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். நம்மூர்ப் பழனிப் பாதயாத்திரைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்த 10 கிலோமீட்டரில் இரண்டு ஆறு, ஒரு வில்லோ புதர்க்காடு, ஒரு சரளைச் சரிவு அடங்கியிருக்கும். இதற்கிடையே கரிபூ மான்கள் போட்டு வைத்த தடங்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் வலசை போகும் அந்தக் கூட்டங்கள் சரிவுகளின் குறுக்கே இணைகோடுகளாகத் தடம் பதித்திருக்கின்றன. கணவாயை நெருங்க நெருங்க அவையெல்லாம் ஒன்றாகக் குவியும். சமவெளிக்கு இறங்கியதும் விசிறிபோல் பிரிந்து காணாமல் போகும். எந்தக் கணவாயில் மான்தடம் கிடைக்கும் என்று நில அமைப்பை வைத்தே ஊகிப்பது இந்தக் கலையின் நுட்பமான பகுதி. மானுக்கு முதுகில் 20 கிலோ மூட்டை கிடையாது, அதற்குத் தேவை தீவனமும் காற்றும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது தண்ணீர். இந்த மண்ணின் அடியில் ஆண்டு முழுவதும் உருகாத உறைமண் கிடக்கிறது. மேலே மெல்லிய அடுக்கு மட்டும் கோடையில் இளகும். பெய்யும் மழையைக் குடித்து வைத்துக்கொள்ளத் தரையில் இடமில்லாததால், அது நேரே ஓடைக்குப் போகிறது. காலையில் முழங்கால் அளவு ஓடிய ஆறு, மலையில் எங்கோ பெய்த மழைக்கு மாலையில் இடுப்பளவு வந்துவிடும். மழை நின்றால் அதே வேகத்தில் வடிந்தும்விடும். ஆகவே "இந்த ஆற்றைக் கடக்க முடியுமா?" என்பது அரைகுறைக் கேள்வி. "காத்திருந்தால் கடக்கலாமா, காத்திருக்க நாள் இருக்கிறதா?" என்று கேட்பதுதான் முழுக்கேள்வி. கைதேர்ந்தவர் தம் கோட்டை இரண்டு துணையாறுகள் கலக்கும் இடத்துக்கு மேலே கொண்டுபோய் வைப்பார். பெரிய ஆறு ஒன்றைவிடச் சிறியவை இரண்டு மேல். அல்லது ஆறு அகன்று பல கிளைகளாகப் பிரிந்து சரளையில் பரவும் இடத்தைத் தேர்வார். ஒரே வாய்க்காலாக ஒடுங்கி ஆழமாக ஓடும் இடத்தின் மேல் அவர் பென்சில் போகாது. ஜூன், ஜூலையில் இரவிலும் முழுதாக இருட்டுவதில்லை என்பதால் இருட்டுக்கு அஞ்சி அவசரப்படவும் வேண்டாம். நள்ளிரவு இரண்டு மணிக்கு நீர் வடிந்தால் இரண்டு மணிக்கே கடக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் கொசு ஓய்ந்து, துந்திரா முழுக்கச் செம்மை படர்ந்து, கண்ணுக்கு விருந்துதான். ஆனால் இரவு திரும்பி வந்துவிடுகிறது, கணவாயில் பனியும் விழலாம். எந்த மாதம் என்று முடிவு செய்யும்போதே எவ்வளவு காத்திருக்கலாம் என்பதும் முடிவாகிவிடுகிறது.

விமானத்தின் கதையும் இதேதான். ஃபேர்பேங்க்ஸிலிருந்து பெட்டில்ஸ் என்ற சிற்றூருக்குப் போய், அங்கிருந்து மிதவை பொருத்திய சிறு விமானத்தில் ஏதாவது ஓர் ஏரியிலோ, பெரிய டயர் பூட்டிய விமானத்தில் ஆற்றுச் சரளைத் திட்டிலோ இறங்குவது வழக்கம். திரும்ப அழைத்துப் போகும் நாளை வானிலைதான் சொல்லும். மேகம் கணவாயை அடைத்தால் விமானி வர மாட்டார், வரவும் கூடாது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 800 கிராம் உணவு என்று வைத்தால் எட்டு நாள் நடைக்கு 6.4 கிலோ. வராத விமானத்துக்கும் வடியாத ஆற்றுக்குமாக இரண்டு நாள் சேர்த்தால் இன்னொரு 1.6 கிலோ. உணவு முழுவதும் கரடி திறக்க முடியாத உருளைக்குள் இருக்க வேண்டும் என்பது பூங்கா விதி. பெரிய உருளை ஒன்று ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு வார உணவைத்தான் கொள்ளும். ஆகவே அந்த இரண்டு நாளுக்காக நடையே கொஞ்சம் சுருங்கும், கோடு கொஞ்சம் குட்டையாகும். புதிதாகத் திட்டமிடுபவர் முதலில் வெட்டுவது இந்த 1.6 கிலோவைத்தான். ஒரு திட்டத்தைப் பார்த்ததும் அதைச் செய்தவரின் தரத்தை நான் அளப்பதும் அதை வைத்துத்தான்.

ஒரே நிலத்தில் மூன்று திட்டங்களை ஒப்பிட்டால் இது விளங்கும். ஒன்று ஓர் ஏரியில் தொடங்கி, மூன்று கணவாய் தாண்டி, ஒன்பதாம் நாள் இன்னோர் ஏரியில் முடிகிறது. தாளில் பார்க்கக் கச்சிதம். ஆனால் ஐந்தாம் நாள் ஓர் ஆறு மறித்தால் முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. விமானம் காத்திருப்பதோ அந்த ஏரியில்தான். மற்றொன்று அனக்டூவுக் பாஸ் என்ற ஊரில் போய் முடிகிறது. அந்த ஊருக்கும் சாலை இல்லை, ஆனால் ஃபேர்பேங்க்ஸிலிருந்து வழக்கமான விமானம் வருகிறது, அஞ்சல் நிலையம் இருக்கிறது, முன்கூட்டியே உணவுப் பொட்டலம் அனுப்பி வைக்கலாம். இரண்டு நாள் முன்னே பின்னே போய்ச் சேர்ந்தாலும் யாரும் பதற மாட்டார்கள். அல்லது கோட்டைக் கிழக்கு நோக்கி வைக்கலாம். பூங்காவின் கிழக்கு எல்லைக்கு வெளியே, எண்ணெய்க் குழாய்க்காக 1974-ல் போட்ட டால்டன் நெடுஞ்சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்கே நடந்துகொண்டே இருந்தால் என்றைக்காவது அது குறுக்கிடும். முதல் திட்டத்துக்கு ஒரே ஒரு முடிவு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பல. என் ரசனை பின்னவற்றின் பக்கம்.

இதைக் கோழைத்தனம் என்பார்கள் சிலர். 2010-ல் ஆண்ட்ரூ ஸ்கர்கா என்ற நெடுந்தூர நடையர் அலாஸ்காவையும் யூக்கானையும் சுற்றி ஏறத்தாழ 7,500 கிலோமீட்டரை 176 நாளில் முடித்தாரே, நாளுக்குச் சராசரி 40 கிலோமீட்டருக்கு மேல் வருகிறதே, அவர் எங்கே காலி நாள் வைத்தார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சராசரிக்குள் பனிச்சறுக்குக் கட்டையில் போன தொலைவும், மடித்துத் தூக்கக்கூடிய சிறு படகில் ஆற்றோடு மிதந்து வந்த தொலைவும் அடக்கம். எந்தப் பருவத்தில் எந்தத் தரை வேகம் கொடுக்கும் என்று பார்த்து அதற்கேற்ற வாகனத்தோடு அங்கே போய் நின்றதுதான் அவருடைய சாமர்த்தியம். அது டஸ்ஸக்கை ஓடிக் கடக்கலாம் என்பதற்குச் சான்றாகாது. கோடை மாதத்தில் பத்து நாள் விடுப்பில் வருகிறவருக்கு முன்மாதிரியும் ஆகாது.

இன்னொரு தரப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. செயற்கைக்கோள் படத்தில் புதர்கூடத் தெரிகிற காலத்தில் இதெல்லாம் என்ன கலை, எல்லாவற்றையும் முன்பே பார்த்துவிட்டால் வியப்புக்கு எங்கே இடம் என்கிறார்கள். படம் உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. அடர்பச்சையைக் கண்டால் புதர் என்று விலகலாம். ஆனால் படம் எடுத்த நாளின் ஆறுதான் அதில் ஓடுகிறது. நீங்கள் போகும் நாளின் ஆறு அதில் இல்லை. வியப்பைப் பொறுத்தவரை பாப் மார்ஷலின் கதை போதும். 1929-ல் வைஸ்மன் என்ற சுரங்கக்காரர் ஊரிலிருந்து கொயுகுக் ஆற்றின் வடகிளை வழியே மேலேறி, எதிரெதிராக நின்ற இரண்டு மலைகளுக்கு 'ஆர்க்டிக்கின் வாயில்கள்' என்று பெயர் வைத்தவர் அவர். வெற்று வரைபடத்தை நிரப்பிய அவருக்கு டூனராக் என்ற சிகரம் பித்தாகப் பிடித்தது. அது பத்தாயிரம் அடிக்கு மேல், இந்தத் தொடரிலேயே உயரம் என்று கணித்தார். உண்மையில் அது 7,457 அடி. தப்புக் கணக்கால் அந்த மலையின் மேல் அவருக்கிருந்த வியப்பு கொஞ்சமும் குறையவில்லை; இன்று சரியான கணக்கோடு போகிறவருக்கும் குறையாது. எங்கே தடுக்கி விழுவோம் என்று முன்பே யோசித்து வைத்தவர், போன இடத்தில் தலை நிமிர்ந்து பார்க்கலாம்.

வழி சொல்வதையே இலக்கியமாக்கிய மொழி நம்முடையது என்பதால், இதில் கலை உண்டா என்று தமிழர் தயங்கவே கூடாது. மலைபடுகடாம் 583 அடிகளில் நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்கிறது. எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே தினைப்புனக் காவலரின் கவண்கல் பறக்கும், எந்தப் பாறை வழுக்கும், எங்கே தங்கலாம் என்றெல்லாம். போய் வந்தவன் போகப் போகிறவனுக்குச் சொல்வது அது. ப்ரூக்ஸ் மலையிலும் அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் மார்ஷலுக்கு முன்பே இருந்தார்கள் என்பதுதான் நான் முழுமையாக ஒப்புக்கொள்ளும் ஆட்சேபம். கடற்கரையை விட்டு உள்நிலத்தில் வாழ்ந்த இனூபியாட் பழங்குடியினரான நூனமியூட் மக்கள் கரிபூவைத் தொடர்ந்து அலைந்து வாழ்ந்து, 1950-ஐ ஒட்டித்தான் அனக்டூவுக் பாஸில் நிலையாகக் குடியேறினார்கள். அந்த ஊர்ப் பெயரின் பொருள் கரிபூ சாணம் கிடக்கும் இடம் என்பது. வரைபடம் சொல்லாததை ஊர்ப்பெயர் சொல்லிவிடுகிறது பாருங்கள். அரிகெட்ச் என்ற கருங்கல் சிகரங்களின் பெயருக்கு விரித்த கைவிரல்கள் என்று பொருள். தூரத்திலிருந்தே அடையாளம் காண இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது. விமானத்தில் வந்து இறங்கியவருக்குத்தான் அது ஆளில்லாக் காடு. அவர்களுக்கு அது வீடு, வேட்டைக்களம். பூங்காவை அமைத்த 1980-ன் சட்டமும் அவர்களது வாழ்வாதார வேட்டையை விட்டுவைத்தது. இந்த உண்மையால் பென்சில் கோட்டின் மதிப்பு குறையாது. ஆனால் கோடு இழுப்பவர், பழைய வாசிப்பு ஒன்றின் மேல் தாமதமாக எழுதுகிறோம் என்ற அடக்கத்தோடு இழுக்கலாம். பெயர்களை உரக்கப் படித்துப் பொருள் தேடுவதையும் வேலையின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம்.

இது வசதி உள்ளவர்களின் விளையாட்டுதானே என்றால், ஆம், வாடகை விமானம் மலிவல்ல. விமானச் செலவைத் தவிர்க்க நினைப்பவர்கள் டால்டன் சாலையோரத்தில் இறங்கி மேற்கே நடந்து, அதே சாலைக்குத் திரும்புகிறார்கள். அவர்களது திட்டங்களில்தான் காலி நாட்கள் தாராளமாக இருக்கும். எந்த விமானமும் அவர்களுக்காகக் காத்திருப்பதில்லையே.

இந்தக் கைவினை முழுவதும் சாலையின்மை என்ற ஒன்றை நம்பித்தான் நிற்கிறது. மேற்கே ஆம்ப்ளர் பகுதியின் தாதுக்களுக்காக டால்டன் சாலையிலிருந்து 211 மைல், அதாவது 340 கிலோமீட்டர், நீளத்துக்குத் தொழில்துறைச் சாலை ஒன்று பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. 2024-ல் அமெரிக்க அரசு அதை நிராகரித்தது. 2025 அக்டோபரில் புதிய அதிபர் அதற்கு மீண்டும் வழி திறந்துவிட்டார். திட்டமிட்டபடி அமைந்தால் அதில் 26 மைல், பூங்காவின் காப்புப் பகுதிக்குள்ளே, கோபுக் ஆற்றைக் கடந்து போகும்.