கோச்சடையான்: குரலும் முகமும்

கோச்சடையான், 2014 மே 23 அன்று வெளியான தமிழ் அனிமேஷன் திரைப்படம். இயக்கம் சௌந்தர்யா ரஜினிகாந்த். கதை, திரைக்கதை, வசனம் கே.எஸ். ரவிகுமார். இசை ஏ.ஆர். ரகுமான். நடிகர்களின் அசைவுகளைப் பதிவுசெய்து கணினி உருவங்களுக்கு ஏற்றும் ‘மோஷன் கேப்சர்’ முறையை இந்தியத் திரையில் முழுநீளப் படமாகக் கையாண்ட முன்னோடி முயற்சி இது. தெலுங்கில் ‘விக்ரமசிம்ஹா’ என்ற பெயரில் வெளியானது.

கதை

கோட்டைப்பட்டினத்தின் படைத்தலைவன் கோச்சடையான். கடற்பயணத்தின்போது அவனுடைய வீரர்கள் நஞ்சுண்டு சாகக் கிடக்கின்றனர். அவர்களின் உயிரைக் காக்க, எதிரி நாடான கலிங்கபுரியில் அவர்களை அடிமைகளாக ஒப்படைத்து மருந்து பெறுகிறான். அவன் புகழைக் கண்டு புழுங்கிய மன்னன் ரிஷிகோடகன், இதையே துரோகம் என்று காட்டி மரணதண்டனை விதிக்கிறான். மகன் ராணா கலிங்கபுரிக்குச் சென்று, அங்கே படைத்தலைவனாக உயர்ந்து, அடிமைப்பட்ட வீரர்களை மீட்டுத் தந்தையின் மண்ணுக்குத் திரும்புகிறான்.

போச்சம்பள்ளி அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நாச்சிக்குப்பம், ரஜினிகாந்தின் பூர்வீக ஊர். பெங்களூரில் வளர்ந்து தமிழகத்துக்கு வந்தவர் அவர். எல்லை தாண்டி வளர்ந்து, தந்தையின் மண்ணுக்குத் திரும்பும் ராணாவின் கதை இப்பகுதிப் பார்வையாளருக்குக் கூடுதல் பொருள் தரக்கூடியது.

உருக்கம்

குற்றமற்ற தந்தை மகனின் கண்முன் கொல்லப்படுவதே படத்தின் உணர்ச்சி மையம். நாடகத்தன்மைக்குக் குறைவில்லாத கட்டம். ரஜினிகாந்தின் குரலும் ரகுமானின் இசையும் அதைத் தாங்குகின்றன. ஆனால் திரையில் உள்ள முகம் குரலோடு சேரவில்லை. கண்களில் ஈரம் இல்லை. உதட்டசைவு சொல்லுக்குப் பின்தங்குகிறது. காதால் கேட்டால் உருக்கும் காட்சி, கண்ணால் பார்க்கும்போது விலகி நிற்கிறது.

நகைச்சுவை

2009 ஜனவரியில் மறைந்த நாகேஷ் இப்படத்தில் கணினி வழியாக மீண்டும் தோன்றுகிறார். துணிச்சலான யோசனை. எனினும் நாகேஷின் நகைச்சுவை, எதிர்பாராத நொடியில் உடலை முறுக்கும் வேகத்தில் இருந்தது. அவருடைய சாயலை மீட்டெடுத்த படத்தால் அந்த வேகத்தை மீட்க முடியவில்லை. அவரைக் கண்டதும் எழுவது பழைய நினைவு; புதிய சிரிப்பு அல்ல. ரஜினிகாந்தின் இயல்பான குறும்புக்கும் கதையில் இடம் குறைவு.

ஒப்பீடு

ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘ராஜா சின்ன ரோஜா’ 1989இல் வெளிவந்தது. அதில் ஒரு பாடலில் ரஜினிகாந்தும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப்பாடுகின்றனர். இன்றைய அளவில் மிக எளிய தொழில்நுட்பம்தான். ஆயினும் விலங்குகள் மிகைப்படுத்தி வரையப்பட்டிருந்தன; நடிகர் நடிகராகவே இருந்தார். இரண்டும் தத்தம் இயல்பில் நின்றதால் குழந்தைகளும் பெரியவர்களும் அதை ரசிக்க முடிந்தது.

2009இல் வந்த பிக்ஸாரின் ‘அப்’ படத்தின் முதியவர் கார்லுக்குச் சதுர முகம். அப்படி ஒரு மனிதர் உலகில் இல்லை. ஆனாலும் வசனமே இல்லாத சில நிமிடங்களில் அவருடைய மணவாழ்வும் மனைவியின் இழப்பும் பார்ப்பவரைக் கலங்கவைக்கின்றன. நிஜமுகத்தைப் போல இருப்பதாக அந்தச் சதுர முகம் உரிமை கோரவில்லை. அதனால் பார்வையாளர் அதில் குறை தேடுவதில்லை.

மதிப்பீடு

கோச்சடையானின் குறை பெரும்பாலும் கணினியின் திறன் சார்ந்ததாகவே பேசப்பட்டது. அடிப்படைச் சிக்கல் வேறு. மக்கள் பல ஆண்டுகளாக நுணுக்கமாக அறிந்த ஒரு முகத்தை அச்சு அசலாக நகலெடுக்கப் படம் முயன்றது. பழகிய முகத்தில் சிறு பிசகும் பெரிதாகத் தெரியும். அதே தந்தை-மகன் கதையைக் கோட்டோவியமாகவோ பொம்மை வடிவிலோ சொல்லியிருந்தால், அந்தக் குரல் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.

இருப்பினும், தமிழில் அனிமேஷன் என்பது குழந்தைகளுக்கான துணுக்கு மட்டுமல்ல, ஒரு குடும்பமே அமர்ந்து பார்க்கும் முழுநீளக் கதையாகவும் அமையலாம் என்ற நம்பிக்கையில் எடுக்கப்பட்ட படம் இது. அந்த நம்பிக்கை தவறானதல்ல. தேர்ந்த வழியே தவறியது. அடுத்து முயல்வோருக்குக் கோச்சடையான் விட்டுச்செல்லும் பாடம் அதுவே.