படலம் ஒன்று படமானபோது: ‘த ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ குறித்துச் சில எண்ணங்கள்

பெரிய கதையொன்றிலிருந்து ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தனிப் படைப்பாக்குவது தமிழுக்குப் புதிதல்ல. மகாபாரதத்தின் சூதாட்டப் பகுதியை எடுத்துப் பாரதியார் பாஞ்சாலி சபதம் பாடினார். அதே பாரதத்தின் கிளைக்கதையை எடுத்துப் புகழேந்தி நளவெண்பா செய்தார். இஸ்லாமியத் தமிழிலக்கியத்தில் ஆலிப் புலவர் 1590இல் பாடிய மிஃறாஜ் மாலை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் விண்ணேற்றம் என்ற ஒரே நிகழ்வைப் பொருளாகக் கொண்டது. இவற்றைப் படித்தும் படிப்பித்தும் வந்த பழக்கத்தால், ஜப்பானியச் சித்திரக் கதையொன்றின் இறுதிப் பகுதி கணினி அசைவூட்டப் படமாக வந்திருப்பதைப் பார்த்தபோதும் எனக்குத் தமிழ் வகுப்பறைக் கேள்விகளே எழுந்தன. ஆசிரியர் மூலத்தில் எதை வைத்துக்கொண்டார்? எதை விட்டார்? கதையை யாருடைய கண்ணுக்கு மாற்றினார்? சமய நூலையும் விளையாட்டுக் கதையையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். நான் ஒப்பிடுவது ஆக்கும் முறையை மாத்திரமே.

இந்த இதழில் ஜப்பான் கார்ட்டூனுக்கு என்ன வேலை என்று கேட்கவும் ஆட்கள் இருப்பார்கள். கேகாலை மாவட்டத்தின் தோட்டப் பகுதிப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளும் பட்டினத்துக் கடைக்காரரின் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் சமயம் வேறு, வீட்டுப் பேச்சு வேறு. ஆனால் போனில் பார்க்கும் மங்காவும் அனிமேயும் இருவருக்கும் பொது. “இது கார்ட்டூன் இல்ல சேர், மங்கா” என்று என்னைத் திருத்தியவன் உயர்தர வகுப்பு மாணவன். தொடர்கதையின் ஒரு பகுதியை அவன் ‘ஆர்க்’ என்றான். “அதுக்குத் தமிழில் படலம் என்று பெயர் இருக்கே” என்றேன். அன்றிலிருந்து அவர்களும் சன்னோப் படலம் என்றே சொல்கிறார்கள்.

அந்தப் படலத்தின் வரலாறு இது. இனோவே தகேஹிகோ என்ற ஓவியர் 1990 முதல் 1996 வரை ஜப்பானின் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் ‘ஸ்லாம் டங்க்’ என்ற கூடைப்பந்துக் கதையை வரைந்தார். பின்னர் அது 31 தொகுதிகளாக வந்தது. கதையின் நாயகன் சகுராகி ஹனாமிச்சி. பந்தைத் தொட்டே அறியாத ஒரு சண்டைக்காரன், ஒரு பெண்பிள்ளையின் கவனத்தைப் பெறுவதற்காக ஷோஹொகு பாடசாலை அணியில் சேர்ந்து, நாலே மாதத்தில் உண்மையான விளையாட்டு வீரனாகிறான். நாட்டின் முதல்தர அணியான சன்னோவோடு நடக்கும் ஆட்டம்தான் கதையின் உச்சம். தோயே நிறுவனம் 1993இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் 101 பகுதிகளோடு 1996இல் நின்றுபோயிற்று. சன்னோ ஆட்டத்தை அது தொடவேயில்லை. நமது சீறாப்புராணமும் உறனிக் கூட்டப் படலத்தோடு நின்றுவிட, எஞ்சியதைச் சொல்லப் பின்னாளில் ஒரு சின்னச் சீறா தேவைப்பட்டது. அங்கே வேறொரு புலவர் வந்தார். இங்கே 26 வருடம் கழித்து மூல ஆசிரியரே வந்தார். திரைக்கதையும் நெறியாள்கையும் இனோவேயுடையவை. அவர் இயக்கிய முதற் படமும் இதுதான். 2022 டிசம்பர் 3ஆந் திகதி ஜப்பானில் வெளியாகி, அங்கு மட்டும் 1,500 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. 2023இல் ஜப்பான் அகாடமியின் சிறந்த அசைவூட்டப் பட விருதையும் பெற்றது.

எல்லோரும் எதிர்பார்த்தது, விட்ட இடத்திலிருந்து கதை தொடரும் என்பதைத்தான். இனோவே நாயகனையே மாற்றிவிட்டார். மங்காவில் அணியின் ஐவரில் குறைவாகவே பின்கதை சொல்லப்பட்டவன் மியாகி ரியோதா. பந்தை முன்னே கொண்டு சென்று மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குள்ளமான ஆட்டக்காரன். படத்தில் அவன்தான் நடுவில் நிற்கிறான். ஜப்பானின் தெற்கு ஓரத்துத் தீவான ஒக்கினாவாவில் பிறந்தவன். தகப்பன் முதலே மௌத்தாகிவிட்டார். கூடைப்பந்தில் பேர்போன மூத்தவன் சோதா, நம்ம பேச்சில் சொன்னால் அவனுடைய நானா, மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. போகும்போது, விளையாட்டைப் பாதியில் விட்டுப் போகிறாரே என்ற கோபத்தில், திரும்பி வராதே என்று கத்தியவன் இந்தத் தம்பி. இருவருக்கும் பிறந்த நாள் ஒன்று. அணிந்த இலக்கமும் ஒன்றுதான்: 7. நானாவைப் போல இவன் ஆடவில்லையே என்று ஊர் சொல்கிறது. உம்மா வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனம் ஊர்ப் பேச்சைவிடக் கனமானது.

சன்னோ ஆட்டத்துக்கு முன்னிரவு அவன் தாய்க்கு ஒரு கடிதம் எழுதுகிறான். உயிரோடு எஞ்சியது நானாக இருப்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் முதலில் எழுதியதைக் கசக்கி எறிந்துவிட்டு, நன்றி சொல்லும் வேறொரு கடிதத்தை எழுதுகிறான். படத்தின் கரு அந்தக் கசக்கிய தாளில் இருக்கிறது. இது எங்கள் மாவட்டத்துக்குத் தூரத்துக் கதையல்ல. 2016 மே மாதத்து மழையில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாட்களில் புளத்கொஹுப்பிட்டியப் பகுதியில் களுபஹன தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. தப்பி வந்தவர்களின் மனதில் எந்தக் கேள்வி தங்கியிருக்கும் என்பதை இங்கே யாரும் விளக்கத் தேவையில்லை. ஆறுதல் சொல்லும் நூற்றுக்கணக்கான பேச்சுகளைக் கேட்டவன் நான். எஞ்சியிருப்பவனின் வெட்கத்தைப் பற்றி அவற்றில் யாரும் பேசியதில்லை. ஒரு விளையாட்டுப் படம் அதைப் பேசுகிறது.

இனி, கணினி செய்த வேலையைப் பார்க்க வேண்டும். மங்காவில் நேரம் ஓவியரின் கையில் இருக்கிறது. ஒரு செக்கன் பத்துப் பக்கத்துக்கு நீளலாம். பந்து அந்தரத்தில் நிற்கும்போதே நாலு பேர் மனதுக்குள் நாலு கதை பேசி முடிப்பார்கள். பழைய தொலைக்காட்சித் தொடரும் அப்படியே செய்தது. மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடப் பல நிமிடங்கள் போகும். புதிய படத்தில் உண்மையான கூடைப்பந்து வீரர்களை ஆடவிட்டு, அவர்களின் அசைவைப் பதிந்து, அந்த அசைவை முப்பரிமாண உருவங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் பந்து உண்மையான வேகத்தில் போகிறது, உடம்புகள் உண்மையான பாரத்தோடு மோதுகின்றன. அந்த வேகத்துக்குள் மனப்பேச்சுக்கு இடமில்லை. மங்காவின் புகழ்பெற்ற உள்ளுரைகளில் பெரும்பங்கு காணாமற் போனதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆட்டத்துக்குள் இருந்த மனதை இனோவே ஆட்டத்துக்கு வெளியே, ஒக்கினாவா நினைவுகளுக்கு மாற்றினார். அப்படி மாற்றும்போது, ஏற்கனவே மங்காவில் எல்லாம் சொல்லப்பட்டுவிட்ட சகுராகியைவிட, சொல்லப்படாமல் கிடந்த ரியோதாதான் தேவைப்பட்டான். ஆக, நாயகன் மாறியதும் ஊடகம் மாறியதும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள்.

அசைவுப் பதிவு மட்டும் ஒரு படத்தைக் காப்பாற்றாது. 2014இல் வந்த கோச்சடையானிலும் அதே தொழில்நுட்பம் இருந்தது. அங்கே முழு முயற்சியும் ஒரு நடிகரின் முகத்தைக் கணினியில் பிரதியெடுப்பதில் போயிற்று. முகம் வந்தது, உயிர் வரவில்லை. இனோவே கணினி தந்த முகங்களின் மேல் தன் கையாலேயே திருத்தி வரைந்தார். உருவத்துக்குக் கனம் வந்த பிறகும் பேனைக் கோடு தெரிய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். படத்தின் தொடக்கத்தில் வெறுந்தாளில் கோடுகளாகத் தொடங்கி ஐந்து பேர் ஒவ்வொருவராய் வரையப்பட்டு நடந்து வருகிறார்கள். முடிவில், ஆட்டத்தின் கடைசிச் செக்கன்களில், சத்தம் எல்லாம் அறுந்து போகிறது. மூச்சு விடுவதற்கும் பயமாக இருக்கிறது. அந்த இடத்தில் உருவங்கள் மீண்டும் கோடுகளாகின்றன. மங்காவிலும் அந்தப் பக்கங்களில் பேச்சு ஏறக்குறைய இல்லை. மூலத்துக்கு விசுவாசம் என்பதன் அர்த்தத்தை இங்கே பார்க்கலாம். காகிதத்தில் சொல்லை நிறுத்தியவர் திரையில் ஒலியை நிறுத்தினார்.

குறைகளையும் சொல்லத்தான் வேணும். முதலாவது, சகுராகியின் இழப்பு. 79க்கு 78 என்று ஆட்டத்தை முடித்துவைக்கும் கடைசி எறிதல் அவனுடையது. மங்காவை வாசித்தவனுக்கு அது ஒரு சண்டைக்காரன் ஆயிரக்கணக்கான தடவை எறிந்து பழகிப் பெற்ற எறிதல். படத்தை மட்டும் பார்ப்பவனுக்கு அது நல்ல எறிதல், அவ்வளவுதான். இரண்டாவது, நினைவுக் காட்சிகள் சில இடங்களில் ஆட்டத்தின் மூச்சை முறிக்கின்றன. சன்னோ அணி நெருக்கிப் பிடித்து, 20 புள்ளிக்கு மேல் ஷோஹொகு பின்னுக்குப் போகும் கட்டத்தில் நம்மை அடிக்கடி கடற்கரைக்குக் கூட்டிப் போவது பொறுமையைச் சோதிக்கிறது. ஆனால் அதே நெருக்கடியை இரண்டு பேருக்கு நடுவில் தாழக் குனிந்து ரியோதா உடைத்துக்கொண்டு ஓடும்போது, அதுவரை பார்த்த நினைவுகள் எல்லாம் அந்த ஓட்டத்துக்குப் பின்னால் நிற்கின்றன என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, அவன் அமெரிக்காவில் விளையாடுவதாகக் காட்டும் முடிவு தேவையற்றது. தாய் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கூட்டத்துக்குள் இருந்து மகனின் ஆட்டத்தைப் பார்க்கிறாளே, படம் அங்கேயே தன் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. வெளிநாடு போனால்தான் ஒரு பிள்ளை வென்றதாகக் கணக்கு என்ற நினைப்பு எங்கள் ஊர்களிலும் இருக்கிறது. படம் அதற்குத் துணை போயிருக்க வேண்டியதில்லை.

“சகுராகிய ஹீரோவா வைக்காம விட்டது துரோகம் சேர்” என்றாள் ஒரு மாணவி. அவளுக்குப் பாஞ்சாலி சபதத்தை நினைவூட்டினேன். வியாசரின் கதை நிகழ்வுகளைப் பாரதி பெரிதாக மாற்றவில்லை. சபையில் யாரை நடுவில் நிறுத்துவது என்பதைத்தான் தீர்மானித்தார். அதனால் பழைய கதை அவருடைய காலத்துக் கதையானது. இனோவே செய்ததும் அதுவே. புள்ளிக் கணக்கில் ஒன்றையும் மாற்றவில்லை, பார்க்கும் ஆளை மாற்றினார். அவள் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாதது நல்லது.

இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதிலிருந்துதான் வருகிறது. சித்திரக் கதையைக் கணினிப் படமாக்கும் வசதி இந்த நாட்டிலும் வந்துவிட்டது. கமிலஸ் பெரேராவின் சித்திரப் பாத்திரமான கஜமேன் 2023இல் முப்பரிமாணச் சிங்களப் படமாகத் திரைக்கு வந்தான். நாளை தமிழிலும் யாராவது செய்வார்கள். செய்யும்போது எந்தக் கதை, யாருடைய கண் என்ற கேள்வி வரும். நான் வாசித்த மலையகக் கதைகள் பலவற்றில் கடை முதலாளி கடன் கொப்பியோடு வந்து போகிறார். நம்மவர் எழுதிய கதைகள் பலவற்றில் தோட்டத்து ஆள் கடை வாசலில் நின்றுவிட்டுப் போகிறார். ஒருவர் கதையில் மற்றவர், மங்காவில் ரியோதா இருந்ததைப் போல, பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் ஆள். நூறு வருடத்துக்கும் மேலாக ஒரே றோட்டில், ஒரே மழையில் இருந்துவருகிற இரு கூட்டத்தாருக்கு இது போதாது. புதுக் கதை தேடி அலையத் தேவையில்லை. இருக்கிற கதையில் ஒரு படலத்தை எடுத்து, ஓரத்தில் நிற்கும் ஆளிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

வகுப்பில் அதைப் பயிற்சியாகவே கொடுத்தேன். கடனுக்காகக் கடைக்கு வரும் தோட்டத்துத் தாயைப் பற்றிய ஒரு சிறுகதையை, அதில் வரும் வேறொருவரின் பார்வையில் எழுதச் சொன்னேன். பலர் முதலாளியை எடுத்தார்கள். கடைக்காரர் ஒருவரின் மகன் அந்தத் தாயின் இடுப்பில் இருந்த பிள்ளையை எடுத்தான். தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை, மூலக் கதையில் ஒரே வரியில் வந்து போகும், தராசு பிடிக்கும் பெடியனை எடுத்தாள். முதலாளி மறுபக்கம் திரும்பும் நேரத்தில் அவன் ஒரு பிடி அரிசி கூடப் போடுகிறான். அன்றிரவு கணக்கு முடிக்கும்போது முதலாளி அதைக் கண்டுபிடிக்கிறார், கண்டும் ஒன்றும் கேட்கவில்லை. எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. பிழைகளைத் திருத்தினேன். கதையில் கை வைக்கவில்லை.