ஏடிஎம் கார்டு யார் கையில்?

ஆம்பூரில் காலை ஆறரைக்கெல்லாம் பைபாஸ் ஓரம் பெண்கள் கும்பலாக நிற்பார்கள். தோளில் டிபன் பை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஷூ கம்பெனி பஸ் வரும்வரை முந்தின ராத்திரி சீரியல் அலசப்படும். 'எதிர்நீச்சல்' ஓடிய நாட்களில் அந்தப் பேச்சின் சூடு தாங்காமல்தான் நானும் பார்க்க உட்கார்ந்தேன்.

சீரியல் என்றாலே மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. கிரிக்கெட்டுக்காக நாள் முழுக்க டிவி முன்னால் கிடப்பவரை யாரும் இளப்பமாகப் பேசுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

திருச்செல்வம் இயக்கி 2022இல் சன் டிவியில் தொடங்கிய அந்தத் தொடரில், ஆதி குணசேகரன் வீட்டு மருமகள்கள் நால்வர். படித்தவர்களை அடுப்படிக்குள் அடைத்துவைப்பதுதான் அங்கே குடும்ப கௌரவம். கை நீட்டாமலே எப்படி ஒருத்தியை ஒடுக்கலாம் என்பதை இத்தனை நுணுக்கமாகத் தமிழ் சினிமாகூடக் காட்டியதில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவது, பேச வாயெடுத்தவளைப் பெயர் சொல்லாமல் 'ஏய்' என்று அடக்குவது, தம்பியை ஏவித் தம்பி பெண்டாட்டியை அவமானப்படுத்துவது. இன்னொன்றையும் அந்தத் தொடர் சரியாகப் பிடித்தது. அப்பத்தாவின் பெயரில் நாற்பது சதவீதச் சொத்து இருக்கிறது என்றதும் மீசைக்கார குணசேகரன் ஆடிப்போகிறார். அதட்டலுக்கு அடியில் இருப்பது பத்திரம் என்பதைப் பல லட்சம் வீடுகளுக்கு ஒரே நேரத்தில் சொன்னது பெரிய காரியம்.

ஆனால் ஊரே கொண்டாடியது யாரை? குணசேகரனைத்தான். மாரிமுத்துவின் நடிப்பு அப்படி. மருமகள்களை அதட்டும் அந்தத் தொனி மீம் ஆகி, கல்லூரிப் பையன்கள் வாயில் விளையாட்டாகப் புரண்டது. 2023 செப்டம்பரில் அவர் காலமானபோது ஆம்பூர் டீக்கடையிலும் துக்கம்தான். நல்ல நடிகருக்கு அது நியாயமான மரியாதை. ஆனால் பாத்திரத்தின் கொடுமையை நகைச்சுவையாகச் சுவைத்ததற்குப் பார்வையாளர்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. நறுக்கான வசனம் எல்லாம் அவருக்கு, கண்ணீரும் பின்னணி இசையும் பெண்களுக்கு என்று பங்கு பிரித்தது எழுத்துதானே?

என் பெரிய மனக்குறை வேறு. சீரியல் பெண்ணுக்கு விடுதலை என்றால் அது முதலாளி ஆவதுதான். இதே திருச்செல்வத்தின் 'கோலங்கள்' (2003–2009) அபி கட்டுமானத் தொழிலில் ஜெயித்தாள். வங்காளத் தொடர் 'ஸ்ரீமொயி'யிலிருந்து விஜய் டிவிக்கு வந்த 'பாக்கியலட்சுமி', கணவன் கோபி கைவிட்ட பிறகு சமையல் தொழிலில் நிமிர்ந்தாள். சந்தோஷம்தான். ஆனால் மாதச் சம்பளத்துக்கு மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள், டார்கெட் முடியாமல் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிறவள் கதாநாயகியாகி நான் பார்த்ததில்லை. வாணியம்பாடியில் உருது பேசும் குடும்பங்களும் உட்கார்ந்து பார்க்கிற தொடர்களில் உருது பேசும் ஒரு வீடு தலைகாட்டியும் பார்த்ததில்லை.

விட்டுப்போனது வெறும் காட்சி அல்ல. சம்பளம் வாங்கும் பெண்ணின் வீட்டில் அதிகாரம் வேறு மாதிரி நடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெண் பத்து வருஷமாக ஷூ கம்பெனிக்குப் போகிறாள். சம்பளம் ஏறியதும் அவள் போனில் மெசேஜ் வரும். ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் புருஷனிடம். பஸ்ஸில் பூ வாங்க அவனிடம்தான் கேட்க வேண்டும். அவன் கத்துவதில்லை, அடிப்பதில்லை. அவனைப் பார்த்தால் யாருக்கும் குணசேகரன் ஞாபகம் வராது. வில்லன் என்றால் உறுமுவான் என்று சீரியல் பழக்கிவிட்டதால், உறுமாத இந்த ஆள் 'தங்கமான மனுஷன்' ஆகிவிடுகிறான்.

சட்டத்தின் கதியும் இதுதான். சீரியலில் கோர்ட் என்றால் விவாகரத்துக் கையெழுத்து, பொய் சாட்சி. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே தமிழ்நாட்டில், அப்போது கல்யாணமாகாதிருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு வந்துவிட்டது. அதை ஒரு வக்கீல் பாத்திரம் நாலு வரியில் சொன்னால் கதை கெட்டுவிடுமா?

குடியாத்தத்தில் உறவுக்கார அக்கா ஒருவர், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மத்தியான சீரியல் பார்த்தபடியே பீடி சுற்றுவார். கண் டிவியில், விரல் இலையில். ஒருநாள் கதாநாயகியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அவள் மழையில் நின்று அழுதாள். அக்கா நூலைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: "இன்னாத்துக்கு இவ வாசல்ல நின்னு அழுதுகினு கீறா? ஊர்ல ஸ்டேஷனே இல்லியா?"

இருக்கிறது. வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து இருக்கும் உரிமையை மனைவிக்குத் தரும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 181.