குளவி என்ற ஒற்றைச் சொல்: ஊவாத் தோட்டச் சிறுவர் வாசிப்பு பற்றி

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டத்தில் வளரும் பிள்ளை குளவியை முதலில் அச்சில் சந்திப்பது பெரும்பாலும் பத்திரிகைச் செய்தியில்தான். பசறையிலோ ஹாலிஎலையிலோ மடுல்சீமையிலோ கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள் என்று நாலு வரி இருக்கும். அதுபோல் குகை என்றால் அதற்கு வாசிக்கக் கிடைப்பது எல்ல மலையிலுள்ள இராவணன் குகையும் அதன் கதையும். ஒன்றில் அச்சம், மற்றதில் புராணம். கொட்டியது எந்தப் பூச்சி, அது ஏன் ஒரு பாறையடியில் கூடு வைத்தது என்று பிள்ளைக்குப் புரியும் தமிழில் சொல்லும் எழுத்து மிக அரிது. புத்தகங்கள் குறைவு என்பது உண்மைதான். அதைவிட முந்திய குறை ஒன்று உண்டு: இருக்கிற எழுத்தும் பொருளைப் பிரித்துப் பெயர் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது.

குளவி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தோட்டங்களில் கூட்டமாகத் துரத்திக் கொட்டும் ‘குளவி’ பல வேளைகளில் குளவியே அல்ல, அது மலைத்தேனீ. உயர்ந்த மரக்கிளையிலோ பாறையின் அடிவிளிம்பிலோ ஒற்றை அடையைத் திறந்தவெளியில் தொங்கவிட்டு வாழும் பெருந்தேனீ. சிகிரியாவில் ஏறுபவர்களை அடிக்கடி விரட்டுவதும் அதுவே. சிங்களத்தில் இதற்குப் பம்பரா என்று தனிப்பெயர் இருக்கிறது. பெருங்குளவிக்குத் தெபரா, சுவரில் மண்கூடு கட்டும் குளவிக்குக் கும்பலா, அதாவது குயவன். தமிழிலும் மலைத்தேனீ, கதண்டு, வேட்டுவன் என்று சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் செய்தித் தமிழ் எல்லாவற்றையும் குளவி என்ற ஒரே கூடைக்குள் போட்டுவிட்டது. மலைத்தேனீ அடையைத் தூரத்தில் நின்று பார்த்தால் இந்தக் குழப்பம் எவ்வளவு பெரியது என்று தெரியும். இரை தேடிக் கதண்டு அருகே பறந்து வந்தால், அடையின் மேல் போர்வைபோல் மூடியிருக்கும் ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றை மேலே தூக்கி இறக்கும். கரும்பரப்பில் அலை ஒன்று ஓடி மறைவதுபோல் இருக்கும். வந்த கதண்டு விலகிப் போகும். குளவியை விரட்டுவதற்கென்றே இப்படி ஒரு வித்தை வைத்திருக்கும் உயிரைத்தான் நாம் குளவி என்று அழைக்கிறோம்.

இந்தப் பூச்சியைப் பற்றி எழுதினால் குகையைப் பற்றியும் எழுதியே ஆகவேண்டும். மழையும் வெயிலும் நேரே படாத பாறை ஒதுக்கு மலைத்தேனீக்கு விருப்பமான இடம். ஒருகாலத்தில் மனிதருக்கும் அதுவே வீடாக இருந்தது. 1907இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வாளர்களான சரசின் சகோதர முறையினர் இதே ஊவாவின் நில்கல குகையைத் தோண்டிக் கற்கருவிகளை எடுத்தார்கள். பண்டாரவளையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் படிகக்கல்லில் செதுக்கிய சிறு கருவிகள் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் இத்தகைய கருவிகளை 1880களிலேயே கண்டு சொன்னவர்களில் ஒருவர் ஜான் போல் என்ற தோட்டத்துரை. இன்னொருவர் எர்னஸ்ட் கிரீன், தேயிலைப் பூச்சிகளை ஆராய்ந்து 1890இல் நூல் எழுதியவர், பின்னர் இந்நாட்டு அரசின் பூச்சியியலாளர். கல்லையும் பூச்சியையும் ஒரே கண் பார்த்த வரலாறு தேயிலை மலைகளிலேயே நடந்திருக்கிறது. அந்த மலைகளில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது இன்னும் கதையாக எழுதப்படவில்லை என்பது வருத்தம் தருகிறது.

பொதுவாகத் தமிழ்ச் சிறுவர் அறிவியல் வாசிப்பு வறியது என்று சொல்லிவிட முடியாது. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் பெரும் உழைப்பு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் 1987 முதல் வருகிறது. இவை ஊவாப் பிள்ளைக்குக் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அவை வேறொரு நிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் சுவரும் கவ்வாத்து வெட்டிய மலையும் அவற்றில் இல்லை. இலங்கைப் பாடசாலையின் ஆரம்ப வகுப்புகளில் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்றே ஒரு பாடம் உண்டு. அதற்கான பாடநூலை அரசு இலவசமாகத் தருகிறது. ஆயினும் தீவு முழுவதற்கும் ஒரே நூல் என்னும்போது, யாழ்ப்பாணத்துக்கும் நமுனுகுலைக்கும் பொதுவான சுற்றாடல்தான் அதில் இடம்பெற முடியும். பிள்ளையின் வாசலில் உள்ள சுற்றாடலைத் தருவது துணைநூல்களின் வேலை. அந்த இடம்தான் வெறுமையாகக் கிடக்கிறது.

அந்த வாசலில் என்ன இருக்கிறது? லயத்துச் சுவர் மூலையில் ஒரு வேட்டுவன் குளவி ஈரமண்ணை உருட்டி வந்து சிறு குடம் வனைகிறது. உள்ளே ஒரு முட்டையை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, கொட்டிச் செயலிழக்கச் செய்த புழுக்களை அடைத்து வாயை மூடிவிடுகிறது. நாள்கள் கழித்துச் சுவரைத் துளைத்துக்கொண்டு புதிய குளவி வெளியே வருகிறது. குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிவிடும் என்று நம் முன்னோர் சொன்னதும், சைவ மரபு அதைக் குருவுக்கும் சீடனுக்கும் உவமையாக்கியதும் இந்தக் காட்சியிலிருந்துதான். அவர்களின் கண் பிழை செய்யவில்லை. புழு உள்ளே போனதும் குளவி வெளியே வந்ததும் உண்மை. நடுவே நடந்தது மட்டும் மண்ணுக்குள் மறைந்திருந்தது. பிரான்சில் பூச்சியியலாளர் ஃபாபர் 1879இல் வெளியிடத் தொடங்கிய நூல்வரிசையில் இத்தகைய கூடுகளைப் பொறுமையாகத் திறந்து பார்த்து எழுதினார். புழு உருமாறவில்லை, முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு உணவாகியது. உவமையையும் உள்ளே நடப்பதையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்து வாசித்தால், கண்டதற்கும் ஊகித்ததற்கும் உள்ள வேறுபாடு பத்து வயதுப் பிள்ளைக்குப் பிடிபடும். இதைவிட நல்ல முதல் விஞ்ஞானப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

தேயிலைக்கே காவலாக வந்த குளவியும் உண்டு. இலையைச் சுருட்டித் தின்னும் தேயிலைப் புழுவை அடக்க, 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து சிறியதோர் ஒட்டுண்ணிக் குளவியை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். புழுத்தொல்லை வெகுவாக அடங்கியது. பின்னாளில் தண்டு துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தபோது இந்தக் குளவியும் மடிந்தது, இலைப்புழு மறுபடி பெருகியது. பெற்றோரின் கூடையில் நிறையும் கொழுந்துக்கும் ஒரு குளவிக்கும் உள்ள இந்த உறவு, தோட்டத்துப் பிள்ளை தன் வீட்டுக் கதையாக வாசிக்க வேண்டியது.

இத்தனைக்கும் எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு உதவாத புத்தகத்தை எந்தப் பெற்றோர் வாங்குவார் என்பது ஒன்று. லயத்து வருமானத்தில் அது நியாயமான கேள்வி. ஆகவே இத்தகைய நூல் விலைக்கு விற்கப்படாமல் பாடசாலை வாசிகசாலை வழியாகவே போக வேண்டும். இராவணன் கதையைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கிறீர்களா என்று கேட்பவர்களுக்குப் பதில் எளிது. கதை இருக்கட்டும். குகை வாசலில் கதை சொல்லும்போதே, பாறை எப்படிப் பிளந்தது, உள்ளே தொங்கும் வௌவால் இரவில் எதைத் தின்னும் என்பதையும் சொன்னால் கதைக்கு ஒரு குறையும் வராது.

கனமான எதிர்வாதம் ஒன்றுதான்: குளவியை விரும்பிப் பார்க்கப் பழகும் பிள்ளை கூட்டுக்கு அருகே போய்விடாதா? ஆட்களைப் பலிகொண்ட ஆபத்து இது. அச்சம் பிள்ளையைக் காக்கிறது என்ற பேச்சை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் வெறும் அச்சம் எதைச் செய்யச் சொல்கிறது? கையை வீசச் சொல்கிறது, கல்லெறியச் சொல்கிறது. மலைத்தேனீயின் கொடுக்கில் முட்கள் உண்டு. கொட்டியதும் அது நஞ்சுப் பையோடு தோலிலேயே தங்கிவிடும். அங்கிருந்து எழும் வாசனை மற்றத் தேனீக்களையும் அதே இடத்துக்கு அழைக்கும். அதனால் அடித்து நசுக்குவதை விட்டுவிட்டு உடனே விலகி ஓட வேண்டும், பிறகு கொடுக்குகளைத் தாமதியாமல் அகற்ற வேண்டும். கதண்டின் கொடுக்கில் அப்படித் தங்கும் முட்கள் இல்லை; ஒரே கதண்டு பலமுறை கொட்டும். சுவரில் மண்குடம் வனைகிற வேட்டுவனோ, கையால் பிடித்து நெருக்கினால் ஒழிய ஆளைத் தேடி வருவதில்லை. தூர விலக வேண்டியது எதனிடமிருந்து, பக்கத்தில் நின்று பார்க்கக்கூடியது எது என்ற இந்த வேறுபாட்டை, மூன்று பூச்சிகளையும் மூன்று பெயர்களில், படத்தோடு அச்சிட்ட ஒரு பக்கம் சொல்லிவிடும். மலைத்தேனீக்கள் பருவத்துக்குப் பருவம் தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே இடம்பெயர்பவை. அவை வந்து அடை கட்டும் மாதங்கள் எவை, எந்த மலையில் எந்தப் பாறையடியில் கட்டும் என்பதை அங்கே கொழுந்தெடுக்கும் அம்மாமார் அறிவார்கள். அவர்களிடம் கேட்டு எழுதினால் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியும் நிரம்பும்.