நெய்தவர் பெயர்

சுவரில் தொங்கும் ஓவியத்தைக் கலை என்று போற்றுவோர், தரையில் விரிக்கும் கம்பளத்தைக் கைத்தொழில் என்று ஒதுக்கி விடுகின்றனர். இப்பாகுபாடு எத்துணைப் பொருத்தமற்றது என்பதற்கு அர்தபீல் கம்பளம் ஒன்றே போதிய சான்றாகும்.

ஈரானின் வடமேற்கிலுள்ள அர்தபீல் நகரில் அடங்கியிருப்பவர், 1334இல் மறைந்த ஞானி ஷெய்கு ஸஃபியுத்தீன். அவர்தம் தர்காவுக்கென நெய்யப்பட்ட இணைக் கம்பளங்களுள் ஒன்று இது. நீளம் 10.5 மீட்டர், அகலம் 5 மீட்டருக்கு மேல். பட்டு நூலால் பாவும் ஊடையும் அமைத்து, கம்பளி இழையால் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட முடிச்சுகள் இட்டிருக்கின்றனர். மாதுளைத் தோல், அவுரி போன்ற இயற்கைப் பொருள்களே சாயம் தந்தன. கருநீலப் பரப்பின் நடுவே கதிரவனைப் போன்ற பதக்கம். அதன் இரு முனைகளிலும் தொங்குவன போன்ற இரு விளக்குகள். அவற்றுள் ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது.

இவ்வேறுபாடு பற்றி அறிஞர் பலவாறு உரைப்பர். ஒரு பக்கம் இருந்து நோக்கினால் இரண்டும் ஒத்துத் தோன்றும் என்பார் சிலர். குறைவற்ற நிறைவு அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஆகவே பணிவு கருதி வேண்டுமென்றே வைத்த குறை இது என்பார் வேறு சிலர். பின்னைய விளக்கம் கேட்க இனியது. எனினும் நமக்கு அது உடன்பாடன்று. ஓரிடத்தில் குறையை வலிந்து வைப்பவன், மற்ற இடமெல்லாம் நிறைவு என்றல்லவா சொல்லாமற் சொல்கிறான்? இதில் பணிவு எங்கே?

பழுதுற்றிருந்த நிலையில் இக்கம்பளங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விற்கப்பட்டன. ஒன்றிலிருந்து பகுதிகளை வெட்டி மற்றொன்றை ஒட்டுப்போட்டுச் சீர்செய்தனர். முழுமை பெற்றதை, வில்லியம் மாரிஸின் பரிந்துரையின்பேரில், 1893இல் 2,000 பவுன் கொடுத்து லண்டன் அருங்காட்சியகம் வாங்கியது. இன்று அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூண்டினுள் மங்கிய ஒளியில் காக்கப்படுகிறது. கரையிழந்த இணையோ அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருக்கிறது.

கம்பளத்தின் ஒரு முனையில் ஹாஃபிஸின் ஈரடிக் கவிதையும், ஹிஜ்ரி 946 (கி.பி. 1539-40) என்ற ஆண்டும், காஷான் நகர் மக்ஸூதின் பெயரும் நெய்யப்பட்டுள்ளன. மக்ஸூத் தம்மை அவ்வாசலின் அடிமை என்று குறித்துக்கொள்கிறார். ஆயினும் அவர் பணியை நடத்திய அரசவை அதிகாரியாகவே இருத்தல் கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. முடிச்சிட்ட விரல்கள் யாருடையவை? அவர்களுள் ஒருவர் பெயரும் அதில் இல்லை. விளக்கின் அளவு பற்றி ஏடு ஏடாக எழுதுகிறோம். விளக்கை நெய்தவரைப் பற்றி எழுத ஒரு வரியும் நமக்குக் கிட்டவில்லை.

இது பாரசீகத்தின் பழங்கதை மட்டுமன்று. நெல்லைச் சீமையின் பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிழையாகக் கீறி, பட்டுத்துணி போல் மடிக்கத்தக்க பாய் நெய்கின்றனர். திருமணப் பாயில் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் அழகுற அமையும். நெய்தவளின் பெயருக்கு அப்பாயில் இடமில்லை. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது, நல்லதே. ஆனால் அது ஊருக்குக் கிடைத்த பெயர்.

நற்செயலை மறைத்தல் மேலானது. பெயர் விரும்பாமையே இக்லாஸ் என்று சிலர் மறுக்கலாம். தன் பெயரைத் தானே மறைத்துக்கொள்வது பணிவுதான். பிறர் பெயரை நாம் மறைப்பதற்கும் அதே பெயரைச் சூட்டுதல் தகுமோ?

வேறு வழி உண்டு என்பதை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் காட்டியுள்ளது. அடிமைகளாக வாழ்ந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே கிழிந்த வேலையுடைகளைத் தைத்துக் குளிர்போர்வை செய்தனர். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வந்தபோது, தைத்தவர் பெயர்களுடனேயே வந்தன. 2015இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே ஆகிய மூவருக்கும் நாட்டின் மரபுக்கலை விருது வழங்கப்பட்டது. கந்தல்துணி மாறவில்லை, காண்போர் கண் மாறிற்று.

உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். பெயரும் அக்கூலியின் ஒரு பங்கே. இனித் திருமணப் பாய்க்குச் சொல்லியனுப்பும் இல்லத்தார், மணமக்கள் பெயரோடு நெய்பவர் பெயரையும், அவர் இசைந்தால், ஓரத்தில் சேர்க்கச் சொல்லட்டும். அதற்கு நான்கைந்து எழுத்துகளே கூடுதலாக வேண்டியிருக்கும்.