பிறமொழி ஒலிப்பும் எழுத்துக்குறைக் கொள்கையும்

பிறமொழி பயில்வார்க்கு ஒலிப்புப் பிழை நேர்வது ஏன் என்னும் வினாவிற்கு நம்மவருள் ஒருசாரார் எளிதாக விடை கூறுவர். தமிழில் வருக்க எழுத்துகள் இல்லை. ஆதலின் தமிழர் நா பிறமொழி ஒலிகட்கு இணங்குவதில்லை என்பது அவ்விடை. வகுப்பறையில் மாணவனைப் பழித்தற்கும், எழுத்துச் சீர்திருத்த வாதங்களில் தமிழ் நெடுங்கணக்கையே பழித்தற்கும் இக்கொள்கை கருவியாகின்றது. ஆதலின் இதன் வன்மை மென்மைகளை ஆராய்தல் கடனெனக் கருதுகின்றோம்.

மொழியியலாரிடத்தும் இதற்கு ஒருவகைச் சார்பு உண்டு. இராபர்ட் லாடோ 1957-இல் வெளியிட்ட நூலில், தாய்மொழியோடு ஒத்த கூறுகள் பயில்வார்க்கு எளியவாம், வேறுபட்டன அரியவாம் என்றார். தாய்மொழியின் ஆற்றலை முறைப்படுத்திக் காட்டியமையின் இக்கருத்துப் போற்றத்தக்கதே. ஆயினும் இருமொழி ஒலிகளையும் பட்டியலிட்டு ஒப்பிடுதல் மட்டும் போதுமா என்பது ஐயத்திற்குரியது.

முதற்கண், எழுத்து மிகுதி செவ்விய ஒலிப்பைத் தருமா எனக் காண்போம். இந்தியில் மூச்சொலியோடு கூடிய வல்லெழுத்துகள் தனியே உள. ஆங்கிலத்திலோ, 'பென்' போன்ற சொற்களின் முதற்பகரம் இயல்பாகவே மூச்சொலி பெறும். எழுத்திருப்பதே போதுமாயின் இந்தி பேசுவோர் அதனை அவ்வாறே ஒலித்தல் வேண்டும். அவரோ பெரும்பாலும் மூச்சின்றி ஒலிக்கின்றனர். 'திங்க்' என்னும் சொல்லின் முதலில் ஆங்கிலேயர் உரசொலி கூற, இவர் மூச்சொலித் தகரம் கூறுகின்றனர். முன்னதன் எழுத்துக்கூட்டில் 'எச்' இல்லை, பின்னதில் உண்டு. ஈண்டுச் செவியினும் கண்ணே வழிகாட்டிற்று எனக் கருத இடனுண்டு. எழுத்துகள் நிரம்பியிருந்தும் ஒலிப்புத் திருந்தவில்லை என்பது தெளிவு.

இனி, நெடுங்கணக்கு ஒன்றேயாகவும் ஒலிப்பு வேறுபடுதற்குத் தமிழே சான்றாகும். மேற்பல்லை அடுத்த ஈற்றில் நாநுனி பொருந்தப் பிறக்கும் ஆங்கிலத் தடையொலியைத் தமிழகத்தார் வளைநா டகரமாகக் கொண்டு 'டிக்கெட்', 'டொரண்டோ' என எழுதுவர். ஈழத்தாரோ 'ரிக்கற்', 'ரொறன்ரோ' என எழுதுவர். இவ்வேறுபாடு எற்றாலாயது? தொல்காப்பியர் றகரத்தை டகரத்தின் வேறாக்கி, னகரத்தோடு ஒருங்கு வைத்துப் பிறப்பிடம் கூறினார். இரட்டித்த றகரத்தின் தடையொலி ஈழத்துப் பேச்சில் இன்றும் வழங்குகின்றது. தமிழகப் பேச்சில் அது பெரும்பாலும் தகரமாயிற்று. நூல் படிக்குங்கால் ரகரம் விரவிற்று. எனவே ஈழத்தார் செவிக்குப் பழகிய ஒலியாகத் தோன்றியது, தமிழகத்தார் செவிக்கு டகரமாகவே தோன்றியது. பிறமொழி ஒலிப்பை ஆள்வது எழுத்தன்று, வழக்கிலுள்ள ஒலிமரபே என்பது இதனாற் போதரும்.

ஒத்தன எளிய என்னும் லாடோவின் கூற்றும் ஈண்டுத் தளர்கின்றது. டகரம் ஆங்கில ஒலிக்கு அணியதாய் இருத்தலினாலேயே தமிழக மாணவன் வேறுபாட்டை உணர்வதில்லை. உணராததைத் திருத்துவதும் இல்லை. தாய்மொழி ஒரு சல்லடை போன்று பிறமொழி ஒலிகளை வடித்துக் கொள்ளும் என்னும் கருத்தைத் துருபெத்சுக்காய் 1939-இல் வெளிவந்த தம் நூலிற் கூறினார். அணிய ஒலி பழைய ஒலியோடு மயங்கிவிடுதலின் புதுவதாக அமைதல் அரிது. முற்றும் வேறான ஒலி தனித்து அமைதல் கூடும் என ஃபிளெகே 1995-இல் விளக்கினார். எம் கருத்திற்கு இதுவே அரணாகின்றது.

அகவையும் ஒரு காரணம் என்பதை யாம் மறுக்கவில்லை. பருவமெய்திய பின் மொழி கற்கும் இயல்பூக்கம் குன்றும் என்பது இலெனெபர்கு 1967-இல் வெளியிட்ட கொள்கை. இளமையில் தொடங்கினார் ஒலிப்பிற் சிறத்தல் கண்கூடு. ஆயினும் கதவு முற்றும் அடைபட்டதன்று. ரகர லகர வேறுபாடறியாத ஜப்பானியர்க்கு ஆங்கிலச் சொற்களைக் கேட்டறியும் பயிற்சி மட்டுமே அளித்தபோது, அவர்தம் ஒலிப்பும் ஓரளவு திருந்தியதை 1997-இல் பிராட்லோவும் உடனாய்வாளரும் எடுத்துக்காட்டினர். நாவைத் திருத்துதற்குச் செவியே வாயில் என்பது இதனாற் புலனாம்.

எழுத்துக்குறைக் கொள்கையார் வேறுபட்ட இரண்டனை ஒன்றாக மயங்கினர் என்பதே எம் முடிபு. வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்து நீங்கித் தமிழெழுத்தோடு பொருந்துதல் வேண்டும் என்பது தொல்காப்பிய நெறி. அது கடன்சொல்லைத் தமிழாக்கும் முறை. பிறமொழியைப் பயிலும் முறையன்று. முன்னதற்கு நம் நெடுங்கணக்குப் போதும். பின்னதற்கு எந்நெடுங்கணக்கும் போதாது. நற்செவிப் பயிற்சியே வேண்டும். எழுத்துக்கூட்டைக் காட்டுமுன் ஒலியைக் கேட்பிக்கும் ஆசிரியன், மாணவன் நாவையோ தாய்மொழியையோ பழிக்க வேண்டியவனாகான்.