ஊசிமுனைத் துளி

முட்டையின் வெள்ளைக்கருவைச் சூடாக்கினால் ஆவியாகாது, வெந்துபோகும். புரதத்தை எடைபோட நினைத்தவர்களுக்கு இதுதான் பெரும் தடை. மூலக்கூறுகளை எடைபோடும் கருவியான நிறை நிறமாலைமானிக்குள் எது போனாலும் மின்னூட்டம் பெற்ற வாயுவாகத்தான் போகவேண்டும்.

யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபென் இதைத் தாண்டிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். புரதக் கரைசலை மெல்லிய ஊசி வழியே செலுத்தி, சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தார். முனையில் திரவம் கூம்பாக நீண்டு தூறலாகச் சிதறும். துளியிலுள்ள கரைப்பான் உலர உலர, மிஞ்சிய மின்னூட்டங்கள் நெருக்கியடித்து ஒன்றையொன்று தள்ளும். துளி உடையும், மறுபடி உடையும். கடைசியில் புரதம் மட்டும், சிதையாமல், பல மின்னூட்டங்களோடு வாயுவில் மிதக்கும்.

அந்தப் 'பல'வில்தான் சாமர்த்தியம். கருவி அளப்பது நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தை. மின்னூட்டம் கூடக்கூட, பிரம்மாண்டமான புரதமும் சாதாரணக் கருவியின் வரம்புக்குள் அடங்கிவிடும். ஒரே புரதம் வரிசையாகப் பல முகடுகளாய்த் தெரியும். முதலில் பார்ப்பவருக்குக் குழப்பம்தான். ஆனால் ஒவ்வொரு முகடும் மற்றதன் கணக்கைச் சரிபார்த்துத் தருகிறது.

இந்த யோசனையின் விதை வேதியியலாளர் மால்கம் டோலுடையது. 1968-லேயே அவர் முயன்றிருக்கிறார். பெரிய புரதங்களில் ஃபென் வென்று காட்டியது 1988-இல், எழுபது வயதுக்குப் பிறகு. 2002-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 85.